நின்றதாகச் சொல்லப்பட்ட இருதயம்

நம்முடன் பல்லாண்டு கற்பித்த ஆசிரியர் ஒருவருக்கு இரத்த அழுத்தம் மிகுந்திருந்தது. அரசாங்க வைத்தியசாலையில் மாதந்தோறும் வரிசையில் நின்று குளிசை பெற்று விழுங்கி வந்தார். ஒருநாள், அக்குளிசைகளைத் தாம் நிறுத்திவிட்டதாகப் பெருமிதத்தோடு கூறினார். கடல் கடந்து வந்த யோகியார் ஒருவரின் ஐந்துநாட் பயிற்சியிற் கலந்துகொண்டாராம். முறைப்படி மூச்சை அடக்கிப் பழகியவனுக்கு மருந்து வேண்டியதில்லை என்று அங்கே உபதேசிக்கப்பட்டதாம். நாம் ஐயம் தெரிவித்தபோது அவர் திருப்பிக் கேட்ட கேள்வி இன்றும் நம் செவியில் நிற்கின்றது: "நினைச்ச நேரம் இருதயத்தையே நிப்பாட்டுற ஆக்கள் அவை. என்ரை பிரஷர் அவைக்கு ஒரு காரியமோ, மாஸ்ரர்?" பதினொரு மாதங்களின் பின் பாரிசவாதம் அவருடைய வலப்பக்கத்தை முடக்கியது. கரும்பலகையில் அச்சிட்டாற்போல் எழுதிய கை அது.

அவருடைய கேள்வியை மூடநம்பிக்கை என்று ஒரு சொல்லால் ஒதுக்கிவிடுதல் எளிது. ஆனால் அதனுள் ஒழுங்கானதொரு தருக்கம் இருக்கின்றது என்பதை நாம் ஒப்புக்கொள்ள வேண்டும். தன் உடலின் மிக ஆழமான இயக்கத்தையே ஆளவல்லவன் பிறருடைய உடலைப் பற்றியும் அறிந்திருப்பான் என்பது அத்தருக்கம். அதன் இரண்டாம் படியைப் பின்னர் பார்ப்போம். முதற்படியாகிய இருதயத்தை நிறுத்தல் என்பது ஒரு வரலாற்றுச் செய்தி. எவர் நிறுத்தினார், எப்போது நிறுத்தினார், எவர் அளந்தார் என்று வினவத்தக்கது. வினவப்பட்டும் இருக்கின்றது.

1935ஆம் ஆண்டு, பிரான்சு தேசத்து இருதயநோய் வைத்தியரான தெரேஸ் புரோஸ் என்னும் பெண்மணி, இருதயத்தின் மின்னசைவைப் பதியும் கருவியொன்றைத் தூக்கிக்கொண்டு இந்தியா வந்தார். யோகிகள் பலரைக் கண்டு அளந்தார். அவருள் ஒருவர், மைசூர் மகாராசாவின் ஆதரவில் யோகம் பயிற்றிவந்த திருமலை கிருஷ்ணமாச்சாரியார். அடுத்த ஆண்டு புரோஸ் அம்மையாரும் லோப்ரி என்னும் புகழ்பெற்ற வைத்தியரும் பாரிசு மருத்துவ இதழொன்றில் அறிக்கை வெளியிட்டனர். ஒரு பதிவில் நாடியின் அலையும் இருதயத்தின் மின்கோடும் சில நொடிகள் ஏறத்தாழ இல்லாதொழிந்தமை அதிற் காட்டப்பட்டது. அவ்வளவுதான், சில நொடிகள், ஏறத்தாழ. ஆனால் வாய்க்கு வாய் தாவியபோது 'ஏறத்தாழ' என்ற சொல் உதிர்ந்தது, நொடிகள் நிமிடங்களாயின, மேலைநாட்டு விஞ்ஞானமே தலைவணங்கிவிட்டது என்னும் வாசகம் சேர்ந்துகொண்டது.

இச்செய்தி ஏன் அத்துணை வேகமாகப் பரவிற்று என்பதை அறிய அக்காலத்தைச் சற்று நோக்குதல் வேண்டும். ஆளப்பட்ட மக்களின் உடலை இகழ்தல் ஏகாதிபத்தியத்தின் வழக்கங்களுள் ஒன்று. வங்காளியரின் உடலைப் பற்றி மெக்காலே எழுதிய இழிமொழிகள் பாடசாலைகளிற் பயின்ற தலைமுறைகளின் நெஞ்சில் முள்ளாய்க் கிடந்தன. 1904-05இல் இயூஜின் சாண்டோ என்னும் பயில்வான் இந்தியாவிற் சுற்றுலாச் செய்து தன் தசைகளைக் காட்டியபோது இளைஞர் திரண்டமைக்கும், 1920இல் சென்னையில் வை.எம்.சி.ஏ. உடற்பயிற்சிக் கல்லூரி எழுந்தமைக்கும், அவுந்து சமஸ்தானத்து அரசர் சூரிய நமஸ்காரத்தை நாள்தோறும் செய்யும் தேகாப்பியாசமாகப் பரப்பியமைக்கும் அடியில் ஓடியது ஒரே காயம். இன்று ஐயாயிரம் ஆண்டுப் பழைமை என விற்கப்படும் யோகப் பயிற்சிகளின் தற்கால வடிவம், பெரும்பாலும் இந்த முப்பது நாற்பது ஆண்டுகளில், பழைய ஹடயோக நூல்களோடு குஸ்திக்கூடமும் ஐரோப்பியத் தேகாப்பியாசமும் கலந்து உருவானது. மைசூர் ஜகன்மோகன் அரண்மனையில் 1933இல் திறக்கப்பட்ட யோகசாலை இக்கலப்பின் முதன்மையான பட்டறை. அரசரின் விருப்பப்படி ஊரூராகச் சென்று யோகத்தை விளம்பரஞ் செய்யும் கடமை கிருஷ்ணமாச்சாரியாருக்கு இருந்தது. பற்களால் பாரந் தூக்குதல், ஓட முனையும் மோட்டார் வண்டியைக் கைகளால் நிறுத்துதல் முதலியன அவர் காட்டியவை. நாடியை நிறுத்துதலும் அக்காட்சிகளின் வரிசையில் வந்ததே. அவரை நாம் ஏமாற்றுக்காரர் என்று சொல்லவில்லை. அரண்மனைச் சம்பளத்தில் வாழ்ந்த வித்துவான் ஒருவர், அலட்சியமாயிருந்த மக்களைத் தம் கலையின்பால் திருப்புதற்குக் கையாண்ட உத்தி அது.

இருபத்திரண்டு ஆண்டுகள் கழித்து, 1957இல், இரு ஆய்வாளர் அமெரிக்காவிலிருந்து கருவிகளோடு வந்து ஐந்து மாதம் இந்தியாவிற் சுற்றினர். ஒருவர் கலிபோர்ணியாப் பல்கலைக்கழகத்து மேரியன் வெங்கர். மற்றவர் மிச்சிகன் பல்கலைக்கழகத்துப் பாசு குமார் பாக்சி. இப்பாக்சி யாரென்று அறிந்தால் வாசகர் வியப்பர். இளமையில் இவர் சுவாமி தீரானந்தர். அமெரிக்காவில் யோகத்தைப் பரப்பிய பரமஹம்ச யோகானந்தரின் பால்ய நண்பர், உடனுழைத்த துறவி. 1929இல் அக்கூட்டத்தை விட்டு நீங்கி, மீண்டும் மாணவராகி, மூளையின் மின்னலைகளை ஆராயும் விஞ்ஞானியானவர். ஆகவே வந்தவர்கள் யோகத்தை அறியாத அந்நியர் என்று எவரும் குறைகூற இடமில்லை. டில்லி அகில இந்திய மருத்துவ நிறுவனத்தின் உடற்றொழிலியற் பேராசிரியர் பி. கே. ஆனந்த் அவர்களுடன் சேர்ந்துகொண்டார்.

மூவரும் நான்கு யோகிகளை அளந்தனர். இருதயத்தை அல்லது நாடியை நிறுத்துவோம் என்றோரும், மெதுவாக்குவோம் என்றோரும் அவருள் இருந்தனர். எழுபதை நெருங்கிக்கொண்டிருந்த கிருஷ்ணமாச்சாரியாரும் ஒருவர். 1961இல் 'சர்க்குலேஷன்' என்னும் மருத்துவ இதழில் முடிவு வெளியாயிற்று. யோகி மூச்சை இழுத்து, தொண்டையை மூடி, மார்பையும் வயிற்றையும் இறுக்குகின்றார். மணிக்கட்டில் விரல் வைத்திருப்பவருக்கு நாடி மறைந்துபோகின்றது. காதுக்குழலில் இருதய ஒலி தேய்கின்றது. ஆனால் மின்பதிவுக் கருவியில் இருதயம் துடித்துக்கொண்டேயிருக்கின்றது! விரல் நுனியிற் பொருத்திய நுண்கருவியும் மெல்லிய நாடியலைகளைக் காட்டிக்கொண்டேயிருக்கின்றது. நின்றது இருதயமன்று, தொட்டுப் பார்த்தவரின் அறிவே.

இதன் பொறிமுறை இரகசியமானதன்று. பதினேழாம் பதினெட்டாம் நூற்றாண்டுகளில் வாழ்ந்த வல்சல்வா என்னும் இத்தாலிய உடற்கூற்றறிஞரின் பெயரால் வைத்திய மாணவர் முதலாண்டிலேயே படிப்பது. மூடிய தொண்டைக்கு எதிராக மூச்சை உந்தினால் மார்புக்குள் அழுத்தம் ஏறுகின்றது, அவ்வழுத்தம் பெரிய நாளங்களை நெருக்குவதால் இருதயத்துக்குத் திரும்பும் குருதி குறைகின்றது, வருவது குறையவே வெளியே தள்ளப்படுவதும் குறைகின்றது, நாடி நூலிழையாகின்றது. புரோஸ் அம்மையாரின் பதிவில் மின்கோடு தாழ்ந்ததன் காரணமும் விளங்கிற்று. அவர் உடலின் ஒரு திசையில் மட்டுமே மின்னசைவை அளந்திருந்தார். மார்பு நிரம்பி, உதரவிதானம் இறங்கி, இருதயம் தன் அச்சிற் சற்றுத் திரும்பும்போது அவ்வொரு திசையிற் கோடு சிறுத்துப்போகக் கூடும். பல திசைகளில் அளந்தபோது இருதயம் ஒளிய இடமிருக்கவில்லை.

இவ்விடத்து நம் ஆசிரிய நண்பரை நினைக்கும்போது நெஞ்சு கனக்கின்றது. மலங்கழிக்கும்போதும் பாரந்தூக்கும்போதும் மூச்சை அடக்கி முக்காதீர்கள் என்று இருதயநோயாளருக்கும் குருதியழுத்தமுடையோருக்கும் வைத்தியர்கள் எச்சரிப்பது இதே செயலைத்தான். மேடையில் அற்புதமாகக் காட்டப்பட்டது, நோயாளியின் வீட்டில் ஆபத்தாக விலக்கப்படுவது. இரண்டும் ஒன்றே என்பதை அவருக்கு எடுத்துச் சொல்ல ஒருவரும் இருக்கவில்லை.

ஆய்வாளர் கண்ட அனைத்தும் யோகத்துக்கு எதிரானவை என்று கொள்வதும் நேர்மையன்று. அதே 1961இல் ஆனந்தும் அவர் சகாக்களும், காற்றுப்புகாத பெட்டியில் இராமானந்த யோகி என்பவர் இருந்தபோது அவர் உட்கொண்ட ஒட்சிசன், ஓய்விலிருப்பவருக்கு வேண்டிய வழமையான அளவிலும் குறைந்தது எனப் பதிவு செய்தனர். பயிற்சியால் உடலை ஆழ்ந்த ஓய்வுக்குக் கொண்டுசெல்ல முடியும் என்பது மெய். நாள்தோறும் உடலை வளைத்து நீட்டி மூச்சைச் சீராக்குபவர் நன்மையடைகின்றார் என்பதும் மெய். நம்முட் சிலரும் அதிகாலையிற் பாய் விரிப்பதுண்டு! நம் சச்சரவு பாயோடு அன்று.

யோகத்தின் உள்ளிருந்தே அளவுகோலைக் கையிலெடுத்த ஒருவரையும் குறிப்பிட வேண்டும். 1924இல் பம்பாயை அடுத்த லோனாவ்லாவில் ஆய்வுகூடம் நிறுவி, 'யோக மீமாம்சா' என்னும் இதழைத் தொடங்கிய சுவாமி குவலயானந்தர், ஆசனம் செய்வோரின் வயிற்றை எக்ஸ் கதிரால் நோக்கியவர். பிராணாயாமத்தின் பயன் ஒட்சிசனை மிகுதியாக உட்கொள்வதே என்ற பரவலான கூற்றை அவர் ஏற்கவில்லை. சாதாரணமாக மூச்சுவிடும்போதே நுரையீரலை விட்டு வெளியேறும் குருதி ஒட்சிசனால் ஏறக்குறைய நிரம்பியிருக்கின்றது. நிறைந்த குடத்தில் மேலும் எவ்வளவு வார்க்கலாம்? வேகமாக மூச்சுவிடுவோர் உண்மையில் இழப்பது காபனீரொட்சைட்டை. அது குறையவே மூளையின் நாளங்கள் சுருங்கித் தலை இலேசாகச் சுழல்கின்றது. பயிற்சி மண்டபங்களில் அதனைப் பேரனுபவம் என்று கண்மூடிச் சொரூபம் காண்போர் பலர்.

இனி நம் நாட்டுக்கு வருவோம். கேரளத்துத் திருவல்லாவிற் பிறந்து, யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியிலும் பின் தென்னிலங்கைப் பாடசாலைகளிலும் தாவரவியல் கற்பித்து, 1959இல் கொழும்பு தேர்ஸ்டன் கல்லூரியிலிருந்து ஓய்வுபெற்ற ஏபிரகாம் கோவூரை அறியாத ஆசிரியர் இலர். கல்கத்தாவிற் படித்த காலத்தில் ஊரார் கங்கைநீர் கேட்க, வழியிற் கிடைத்த சாதாரண நீரைப் போத்தலில் நிரப்பிக் கொடுத்ததாகவும், அந்நீரால் நோய் தீர்ந்த கதைகள் பின்னர் தம்மிடமே திரும்பி வந்ததாகவும் அவர் கூறியதுண்டு. நோய் தானே தணிவதும், தணிந்ததன் பெருமை கடைசியாகக் குடித்த நீருக்குப் போவதும் எங்ஙனம் என்பதை விளக்க இதனினும் எளிய பாடம் வேண்டியதில்லை. 1963இல் அவர் ஓர் இலட்சம் ரூபா பரிசை அறிவித்தார். ஏமாற்றுக்கு இடமில்லாத நிலையில் அற்புதம் ஒன்றைச் செய்து காட்டுவோருக்கு அது உரியது. அவர் வரிசைப்படுத்திய செயல்களுள் யோக சக்தியால் ஐந்து நிமிடம் இருதயத் துடிப்பை நிறுத்தலும், அரை மணிநேரம் மூச்சை நிறுத்தலும் இடம்பெற்றன. 1978இல் அவர் இறக்கும்வரை எவரும் அப்பணத்தைப் பெறவில்லை.

கோவூரின் நாட்டில், அவர் மறைந்து நாற்பத்திரண்டு ஆண்டுகளின் பின், 2020 டிசம்பரில், காளிதேவி அருளியதாகச் சொல்லப்பட்ட பாணி ஒன்றுக்காகக் கேகாலையில் ஆயிரக்கணக்கானோர் திரண்டனர். தேனும் சாதிக்காயும் கலந்த அப்பாணி கொரோனாவைத் தடுக்குமென்று அதனைத் தயாரித்த தம்மிக்க பண்டார கூறினார். சுகாதார அமைச்சரே யாவருங் காண அதனை அருந்தினார்; அடுத்த ஜனவரியில் அவருக்கே தொற்று உறுதியாயிற்று. அதே 2020இல் இந்தியாவில் யோககுரு ராம்தேவின் பதஞ்சலி நிறுவனம் 'கொரோனில்' என்னும் மருந்தை நோய் தீர்ப்பதாக அறிமுகஞ் செய்தது. அரசாங்கம் தலையிட்டு அவ்விளம்பரத்தை நிறுத்தச் சொல்ல நேர்ந்தது. குருதியழுத்தம், சலரோகம், ஆஸ்மா என்பனவற்றையெல்லாம் முற்றாகத் தீர்ப்பதாக அந்நிறுவனம் 2022இல் விளம்பரித்தது. இந்திய மருத்துவ சங்கம் வழக்காடியது. 2024இல் உயர்நீதிமன்றத்துக்கு மேலான உச்சநீதிமன்றத்தின் முன் யோகியார் நின்று மன்னிப்புக் கோரினார். பத்திரிகைகளிலும் மன்னிப்பு அச்சாயிற்று. சுதேசியத்தின் காயத்தில் முளைத்த செடி பெருமுதலாளித்துவத்தின் தோட்டத்திற் காய்த்த வரலாறு இது. மைசூரில் அரசன் கொடுத்த சம்பளத்துக்காகக் காட்டப்பட்ட வித்தை, இப்போது பொட்டலங் கட்டப்பட்ட பண்டத்தின் முத்திரையாகிவிட்டது.

எனினும் குருமாரை மட்டும் நொந்து பயனென்ன? நண்பர் குளிசையை விட்டமைக்கு அவருடைய நம்பிக்கை மாத்திரம் காரணமன்று. 2022இன் பொருளாதார வீழ்ச்சியில் அரசாங்க வைத்தியசாலைகளில் மருந்தில்லாத நாள்கள் எத்தனை! வரிசையில் அரைநாள் நின்றவருக்கு வைத்தியர் ஒதுக்கியது இரண்டு நிமிடம். குளிசையை நிறுத்தினால் என்ன நேரும் என்று சொல்ல அவருக்கு அவகாசமில்லை. பயிற்சி மண்டபத்திலோ ஒருவர் பெயர் சொல்லி அழைத்து, கையைப் பற்றி, உறக்கம் எப்படி என்று கேட்டிருக்கின்றார். தருக்கத்தின் இரண்டாம் படி உறுதிபெறுவது இங்கேதான். உடலை அறிந்தவன் என்பதனால் அன்று, கேட்க ஆளிருந்தது என்பதனால்.

கிருஷ்ணமாச்சாரியார் நூறாண்டு வாழ்ந்து 1989இல் சென்னையிற் காலமானார். இருதயத்தை நிறுத்தும் வித்தையைத் தமக்குக் கற்றுத்தருமாறு மகன் தேசிகாச்சார் வேண்டியபோது, சமூகத்துக்கு அதனாற் பயனில்லை என்று முதியவர் மறுத்துவிட்டதை மகனே பதிவு செய்திருக்கின்றார். இதனை நாம் ஒரு மாலை நண்பரின் கட்டிலருகே இருந்து வாசித்துக் காட்டினோம். இடக்கையால் எழுதிப் பழகும் கொப்பியை அவர் மூடி வைத்தார்.

"ஐஞ்சு நாளும் இதை ஒருத்தரும் சொல்லேல்லை, மாஸ்ரர்" என்றார்.