மன்னாரை வரைகிற மென்பொருள் வீடு மாறிய கதை

போன வருசம் எங்கட குழுவில நாலு பேர் சேர்ந்து மன்னார்த் தீவையும் அதைச் சுற்றின கடலையும் ஒரு வரைபடமாகப் போட வெளிக்கிட்டோம். நாங்கள் கலைப்பீடம். ஒருவருக்குத்தான் புவியியல் பாடம், மற்ற மூன்று பேரும் வரலாறும் தமிழும். காற்றாலை பற்றியோ இல்மனைற் மணல் பற்றியோ கச்சதீவு பற்றியோ பேச வாற எவரும் கையில ஒரு படத்தோடதான் வருகினம். அந்தப் படத்தை யார் வரைந்தது, எதை விட்டுவிட்டு வரைந்தது எண்டு ஒருத்தரும் கேக்கிறேல்ல. அதனால எங்கட படத்தை நாங்களே வரைவம் எண்டு யோசிச்சம்.

மூத்த அக்கா ஒருவர் தன்ர பழைய பென்டிரைவில இருந்து ஒரு கட்டளைக் கோப்புத் தந்தா. பதினாலு வரி. ஜி.எம்.ரி. என்ற இலவச மென்பொருளுக்கு எழுதினது. நாங்களும் மென்பொருளை நிறுவி, கோப்பை ஓட்டினால் முதல் வரியிலேயே நின்றுவிட்டது. ‘பிஎஸ்கோஸ்ட்’ எண்டு ஒரு கட்டளையே இல்லையாம். ஒவ்வொரு வரிக்கு முன்னாலும் மென்பொருளின் பெயரான அந்த மூன்று ஆங்கில எழுத்தையும் சேர்த்தால் ஓடும் எண்டு கண்டுபிடிக்க எங்களுக்கு ஒரு பின்னேரம் முழுக்கப் போனது. ஏன் அந்த மூன்று எழுத்து? அதைத் தேடிப் போனபோது கிடைத்ததுதான் இந்தக் கதை.

ஜி.எம்.ரி. எண்டால் கிரீன்விச் நேரம் இல்லை, ‘ஜெனரிக் மப்பிங் ரூல்ஸ்’. 1987 இன் கடைசியில் அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லமொன்ற்-டொஹேர்ட்டி ஆய்வு நிலையத்தில் போல் வெஸ்ஸல், வோல்டர் ஸ்மித் என்ற இரண்டு பட்டப்பின் மாணவர்கள் தொடங்கியது. எங்களைவிடச் சில வயசுதான் கூட. கடலடி ஆழம், புவியீர்ப்பு மாதிரியான தரவுகளைப் படமாகப் போட அவர்களுக்கு ஒரு கருவி தேவைப்பட்டது, செய்தார்கள். பெயரில் இருக்கிற ‘ஜெனரிக்’ இலங்கையில எங்களுக்குப் புதுச் சொல் இல்லை. 1970களில் பேராசிரியர் சேனக பிபிலே அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தை வழிநடத்தியபோது, கம்பனிப் பெயருக்குக் காசு குடுக்காமல் மருந்தை அதின்ர பொதுப்பெயரில் வாங்குவோம் என்று சொன்னதும் இதே சொல்லைக் கொண்டுதான்.

1991 இல் இரண்டாம் பதிப்பு உலகத்துக்கு வந்தது. பிறகு மூன்று, 2004 இல் நான்கு. அது ஒரு பெரிய மென்பொருள் அல்ல, கிட்டத்தட்ட 60 சின்ன மென்பொருள்களின் கூட்டம். கரையை வரைய ஒன்று, புள்ளி வைக்க ஒன்று, ஆழத்துக்கு நிறம் பூச இன்னொன்று. ஒன்றை ஓட்டி, அதன் வெளியீட்டை அடுத்ததற்கு ஊட்டி, அடுக்கடுக்காகப் படத்தைக் கட்டுவார்கள். யுனிக்ஸ் உலகத்துப் பழக்கம் அது.

இந்த இடத்தில ‘ஹெடர்’ என்றால் என்ன, ‘லைப்ரரி’ என்றால் என்ன எண்டு சொல்லாமல் போக ஏலாது. சாப்பாட்டுக் கடை வாசலில் ஒரு பலகை தொங்கும்: புட்டு, இடியப்பம், மீன் குழம்பு. உள்ளே குசினி இருக்கும். சி மொழியில் ஹெடர் என்பது அந்தப் பலகை, லைப்ரரி என்பது குசினி. வெளியில இருந்து வாற ஒரு மென்பொருள் பலகையைப் பார்த்துக் கேட்கும், குசினி செய்து குடுக்கும். நான்காம் பதிப்பு வரை ஜி.எம்.ரி.யின் பலகையில் சாப்பாட்டுப் பெயரோட சேர்த்து அடுப்பு எங்கே, உப்பு எந்தப் போத்தலில், யார் பாத்திரம் கழுவுவது எல்லாம் எழுதியிருந்தது. ஒரு சின்ன வேலைக்கும் முழு ஹெடரையும் உள்ளே இழுக்க வேண்டும். உப்புப் போத்தலும் எல்லாருக்கும் பொது: வரைபடத்தின் எறியம், சட்டகம், எழுத்தளவு எல்லாம் எவரும் தொடக்கூடிய பொது மாறிகளாகவே கிடந்தன.

உண்மையைச் சொன்னால், நெடுநாளாக அது ஒரு பிழையாகவே தெரியவில்லை. ஒவ்வொரு கருவியும் தனி மென்பொருள். ஓடும், வரையும், செத்துப்போகும். நினைவகம் அதோடு துடைபட்டுவிடும், அடுத்தது சுத்தமாகத் தொடங்கும். வேறொரு மென்பொருளுக்குள் இருந்து இவற்றைக் கூப்பிட நினைக்கிற போதுதான் சிக்கல் வரும். போர்த்துக்கல்லின் அல்கார்வ் பல்கலைக்கழகத்து ஜோக்கிம் லூயிஸ், மற்லப்புக்குள் இருந்து வேலை செய்கிற ‘மிரோன்’ என்ற கருவியைச் செய்தவர். அவரைப் போன்றவர்களின் இடத்தில் இருந்து பாருங்கோ. ஒரு தடவை கூப்பிட்டால் முதல் வரைபடத்தின் எறியம் பொது மாறிகளில் ஒட்டிக்கொண்டே இருக்கும், இரண்டாவது படம் கோணும். அதைவிட மோசம், உள்ளே ஒரு பிழை வந்தால் அந்தக் கருவி ‘வெளியேறு’ என்று சொல்லும், அதோட மற்லப்பும் சேர்ந்து விழும்.

2013 நவம்பரில் வந்த ஐந்தாம் பதிப்புதான் வீடு மாறின பதிப்பு. தனித்தனி மென்பொருளாக இருந்த எல்லாம் ஒரே லைப்ரரிக்குள் செயற்கூறுகளாகப் போயின. பொது மாறிகள் எல்லாம் ‘அமர்வு’ என்கிற ஒரே பொட்டலத்துக்குள் கட்டப்பட்டன. அமர்வைத் திறக்கலாம், வேலை வாங்கலாம், மூடலாம், ஒருத்தரின்ர உப்பு மற்றவரின்ர குழம்புக்குள் விழாது. பிழை வந்தால் செத்துப்போகாமல் பிழை எண்ணைத் திருப்பிக் குடுக்கும். ஹெடரும் இரண்டாகப் பிரிந்தது: வெளியாட்களுக்கு ஒரு சின்னப் பலகை, உள்ளே வேலை செய்பவர்களுக்குத் தனியாக ஒரு பெரிய கோப்பு. போஸ்ட்ஸ்கிரிப்ட் எழுதுகிற பகுதி தனி லைப்ரரியாக நின்றது. கடல் ஆய்வுக் கப்பல் தரவு, நிலநடுக்கக் குறியீடு போன்ற துணைத்தொகுதிகள் வேண்டுமானால் செருகிக்கொள்ளும் கூறுகளாயின. உரிமமும் ஜி.பி.எல். இல் இருந்து எல்.ஜி.பி.எல். ஆனது, வேறு உரிமம் உள்ள மென்பொருளும் இந்த லைப்ரரியோடு சேர்ந்துகொள்ள வசதியாக. பிற்பாடு செயற்கூறுகளின் பெயர் முன்னொட்டுகளையும் தரம் பிரித்தார்கள்: இது ஊருக்கு, இது வீட்டுக்கு, இது குசினிக்கு மட்டும் என்கிற மாதிரி.

பிஎஸ்கோஸ்ட் காணாமல்போன காரணமும் இதுதான். அறுபது எழுபது பெயர்களைக் கணினியின் பொது இடத்தில் பரப்பி வைத்தால் வேறு மென்பொருள்களின் பெயரோடு முட்டும். அதனால் வாசலில் ஒரே பெயர், மற்றதெல்லாம் அதற்குப் பின்னால். பழைய பெயர்களுக்கு இணைப்புப் போட்டுக்கொள்ள வழி வைத்திருந்தார்கள், ஆனா எங்களுக்குக் கிடைத்த நிறுவலில் அது இல்லை.

நான்காம் பதிப்புக்கும் ஐந்தாம் பதிப்புக்கும் இடையில ஒன்பது வருசம். அவ்வளவு நாள் உழைத்து முடித்தபோது வெளியில வந்த படம் முன்னையதைப் போலவேதான் இருந்தது. கட்டடத்துக்கு நிறம் பூசினால் நாலு பேர் பாராட்டுவார்கள், அத்திவாரத்தை மாற்றினால் ஒருத்தருக்கும் தெரியாது. ஆனாலும் 2017 அளவில் லியனார்டோ உவீடா தொடங்கிய பைத்தன் வழியான பைஜிஎம்ரி, லூயிஸ் செய்த ஜூலியா மொழி வழி எல்லாம் அந்த மாற்றத்துக்கு மேலதான் நிக்குது. வெஸ்ஸல் 2024 மார்ச்சில் இறந்துவிட்டார். மென்பொருள் தொடர்ந்து வெளிவருகிறது. எல்லாம் அவரின்ர தலைக்குள் மட்டும் ஒழுங்காக இருந்து, கோப்புக்குள் குழம்பிக் கிடந்திருந்தால் அது நடந்திருக்குமா எண்டு எங்களுக்குச் சந்தேகம்.

சரி, எங்கட படம். ஓடத் தொடங்கின பிறகு வந்த மன்னார்த் தீவைப் பார்த்துச் சிரிச்சிட்டம். உடைஞ்ச ஓட்டுத் துண்டு மாதிரி நாலைஞ்சு மூலையோட கிடந்தது. கச்சதீவைக் காணவே இல்லை. பயந்துபோய்த் தேடினால் காரணம் அரசியல் இல்லை, கணக்கு. இந்த மென்பொருளின் கரையோரத் தரவை வெஸ்ஸலும் ஸ்மித்தும் 1996 இல் வெளியிட்டார்கள். மூலம் இரண்டு: அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் கரையோரக் கோடு, சி.ஐ.ஏ.யின் உலகத் தரவு வங்கி. (ஆம், எங்கட கரையை உலகத்துக்கு இலவசமாகக் குடுத்தது பனிப்போர்.) அதை ஐந்து நுணுக்கத்தில் வைத்திருக்கிறார்கள், ஒவ்வொரு படியிலும் ஏறத்தாழ 80 வீதப் புள்ளிகள் குறையும். பழைய முறையில் நாங்கள் ஒன்றும் சொல்லாவிட்டால் நாலாவது படியை எடுக்கும். அதில் 5 கிலோமீற்றருக்குட்பட்ட வளைவு நெளிவெல்லாம் நேராக்கப்பட்டுவிடும். கச்சதீவு நீளத்தில் இரண்டு கிலோமீற்றரும் வராது. வட்டு சின்னதாக, கணினி மெதுவாக இருந்த காலத்தில் எடுத்த நியாயமான முடிவு அது. ஆனா அந்த முடிவில ஒரு தீவு போயிட்டுது. கட்டளையில் ஒரு எழுத்தை மாற்றினோம். மன்னார் மன்னாரானது. கச்சதீவுக்கு ஆள்கூற்றைக் குடுத்து நாங்களே ஒரு புள்ளி வைத்தோம்.

பிறகு 1974 ஆம் ஆண்டு இந்திய-இலங்கை ஒப்பந்தத்தின் ஆறு புள்ளிகளையும் போட்டோம். அவை ஒப்பந்தத்திலேயே பாகை, கலையில் எழுதப்பட்டிருக்கின்றன, ஆறு வரிக் கோப்பு போதும். முதல் புள்ளி 10 பாகை 5 கலை வடக்கு, 80 பாகை 3 கலை கிழக்கு. அங்கிருந்து கோடு கச்சதீவின் மேற்குக் கரையை ஒட்டி இறங்கி, 9 பாகை 6 கலை வடக்கு, 79 பாகை 32 கலை கிழக்கில் முடிகிறது. தலைமன்னாரில இருந்து நேர் மேற்கே கிட்டத்தட்ட 20 கிலோமீற்றர், ஆதாம் பாலத்து மணல்திட்டுப் பக்கம். தெற்கே மன்னார் வளைகுடாவுக்கான கோடு 1976 மார்ச்சில் வந்த வேற ஒப்பந்தம். கடலாழத்துக்கு ஜெப்கோவின் இலவசத் தரவை எடுத்தோம், ஒரு கட்டம் ஏறத்தாழ 460 மீற்றர். வருசத்துக்கு வருசம் இடம் மாறுகிற மணல்திட்டு அந்தக் கட்டத்துக்குள் அகப்படாது. அதனால ஆறாவது புள்ளி எங்கட படத்தில வெறும் நீலத்துக்கு நடுவில நிக்குது.

2019 இல் வந்த ஆறாம் பதிப்பில் படத்தைத் தொடங்கு, முடி என்று சொன்னால் போதும். முந்தி ஒவ்வொரு வரியிலும் ‘இன்னும் வரும்’, ‘முன்னுக்கு இருக்கு’ எண்டு இரண்டு குறி போடவேணும், ஒன்றை மறந்தால் படம் பழுது. அக்காவின்ர பதினாலு வரி இப்ப எட்டு வரி. பழையதையும் நாங்கள் அழிக்கேல்ல, அதே பென்டிரைவில பக்கத்தில கிடக்குது.