மும்பையில் தமிழின் இரு நிலைகள்: நாஞ்சில் நாடனும் வித்யா பாலனும்

தாயகத்திற்கு வெளியே ஒரு மொழி இரு நிலைகளில் வாழ்கிறது: ஒன்று எழுத்து, மற்றொன்று வீட்டுப் பேச்சு. நாவலாசிரியர் நாஞ்சில் நாடன், நடிகை வித்யா பாலன் ஆகியோரின் வாழ்வும் பணியும் மும்பையில் இவ்விரு நிலைகளுக்கும் சான்றாகின்றன.

மும்பைத் தமிழ் ஒரே வழக்கன்று. தாராவியில் தோல் பதனிடும் தொழிலை ஒட்டித் திருநெல்வேலிப் பகுதியினர் குடியேறினர். அலுவலகப் பணிக்கு வந்தோர் மாட்டுங்காவில் தங்கினர். தென்னிந்தியக் கல்விக் கழகம் 1932இல் அங்குத் தோன்றியது. செம்பூரிலும் தென்னிந்தியக் குடும்பங்கள் பெருகின. பாலக்காட்டுத் தமிழும் அங்கு வேரூன்றியது.

சுப்பிரமணியம் என்னும் இயற்பெயருடைய நாஞ்சில் நாடன், குமரி மாவட்டத்து வீரநாராயணமங்கலத்தில் 1947இல் பிறந்தவர். கணிதத்தில் முதுகலைப் பட்டம் பெற்றபின், 1970களின் தொடக்கத்தில் வேலையின் பொருட்டு அன்றைய பம்பாய்க்குச் சென்றார். அங்கு ரா. பத்மநாபனிடம் கம்பராமாயணம் பயின்றார். பம்பாயில் வாழ்ந்த காலத்தில் வெளிவந்த முதல் நாவலான 'தலைகீழ் விகிதங்கள்' (1977) அந்நகரைப் பற்றியதன்று. நாஞ்சில் நாட்டு மணவாழ்வை அவ்வட்டாரப் பேச்சிலேயே கூறுவது. நகர வாழ்வு 'மிதவை' (1986), 'சதுரங்கக் குதிரை' (1993) ஆகியவற்றில் பின்னரே இடம்பெற்றது. 'சூடிய பூ சூடற்க' சிறுகதைத் தொகுதிக்காக 2010இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றார்.

வித்யா பாலன் 1979இல் பிறந்து செம்பூரில் வளர்ந்தவர். பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பத்தைச் சேர்ந்த அவரது வீட்டில் தமிழும் மலையாளமும் கலந்து வழங்கின. 1995இல் 'ஹம் பாஞ்ச்' என்னும் இந்தித் தொலைக்காட்சித் தொடரில் தோன்றினார். 'ரன்' (2002) தமிழ்ப் படத்திற்கு ஒப்பந்தமாகியும் அவருக்குப் பதிலாக வேறொருவர் நடித்தார். அவரது முதல் திரைப்படம் வங்கமொழியின் 'பாலோ தேகோ' (2003). சரத்சந்திரரின் நாவலைத் தழுவிய 'பரிணீதா' (2005) இந்தியில் புகழ் தந்தது. 'தி டர்ட்டி பிக்சர்' (2011) தேசிய விருதைப் பெற்றுத் தந்தது. தமிழ்த் திரையில் அவர் தோன்றியது 2019இல், 'நேர்கொண்ட பார்வை'யில்தான்.

இருவருக்கும் தமிழ் முதன்மையான பிழைப்புமொழியாக அமையவில்லை என்பது நோக்கத்தக்கது. ஆயினும் ஒருவர் வழக்கு நூல்களில் பதிவாயிற்று. மற்றவர் வீட்டு வழக்கிற்குத் திரையில் இடமில்லை. நாஞ்சில் நாடனின் ஊர்ப்பேச்சையும் நகரப்பேச்சையும் ஒரே பொதுநடையில் பெயர்ப்பவர், அந்நாவல்களின் உயிரான தொலைவை இழந்துவிடுவார். செம்பூர் வீடுகளின் பேச்சுக்கோ பெயர்த்தெடுக்க மூலமே இல்லை. மொழியியலார் அதனை ஒலிப்பதிவு செய்து எழுத்தில் ஆவணமாக்காவிடின், அடுத்த தலைமுறைக்கு எஞ்சுவது குடும்பப் பெயர்களும் சில உணவுப் பெயர்களும் மட்டுமே ஆகலாம்.