பத்து பெரண்டாம் குளங்கள்

மலாக்காவின் சரித்திரத்தை எழுதப் புகுவோர் சுல்தான்களிலே தொடங்கி, போர்த்துகீசியரையும் டச்சுக்காரரையும் கடந்து, செட்டிமார் எழுப்பிய பொய்யாத விநாயகர் ஆலயத்தை வலம்வந்து, 1896-இல் டான் சே யான் புக்கிட் லிந்தாங்கில் பயிரிட்ட ரப்பரோடும், அந்தப் பால்மரங்களை நம்பிக் கங்காணியின் பின்னே கப்பலேறி வந்த நம்மவர் வாழ்வோடும் கதையை முடித்துவிடுவது வழக்கம். மலாயா சுதந்திரமடைந்த அதே 1957-ஆம் வருஷத்தில், நகரத்தை அடுத்த பத்து பெரண்டாமில் உஷ்ணமண்டல மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிலையம் ஒன்று தோன்றியதை நினைவுகூர்பவர் மிகச் சிலர். மீன் பண்ணையிலும் இறால் பண்ணையிலும் ஆன்டிபயாடிக் மருந்துகளை எவ்வாறு குறைப்பது என்று தேசங்கள் பலவும் தலையைப் பிய்த்துக்கொள்ளும் இந்நாளில், அந்தக் குளங்களின் பூர்வ கதை கேட்கத்தக்கது.

அங்கே ஆராய்ச்சி நடத்திய ஹிக்லிங் என்ற ஆங்கில விஞ்ஞானி முதலில் ஆராய்ந்தது மீனையன்று, மண்ணையும் ஜலத்தையுமே. மலாக்காவின் மண் புளித்த மண், சாரமும் குறைவு. அத்தகைய மண்ணில் வெட்டிய குளத்துக்குச் சுண்ணாம்பிட்டுப் புளிப்பை முறித்து, பாஸ்பேட் உரமும் இட்டால், நீரில் பாசி விருத்தியாகி, பாசியைத் தின்னும் நுண்ணுயிர்கள் பெருகி, அவற்றைத் தின்று மீன் கொழுக்கிறது. சீனக் குடியானவர்கள் தலைமுறை தலைமுறையாக அனுஷ்டித்து வந்த கலப்பு வளர்ப்பும் இதே தத்துவத்தைச் சார்ந்ததுதான். புல் கெண்டை கரையில் வெட்டிப்போட்ட புல்லைக் கத்தரித்து விழுங்கி, பெரும்பகுதியைச் செரிக்காமலே வெளியேற்றும். அக்கழிவே குளத்துக்கு உரமாகும். உரத்தில் விளைந்த பாசியை வெள்ளிக் கெண்டையும், நுண்ணுயிர்களைப் பெருந்தலைக் கெண்டையும் உண்ணும். அறுவடைக்குப் பின் குளத்தை வற்றவைத்து, அடிச்சேறு வெடிக்கும்வரை வெயிலில் காயவிட்டு, நீற்றாத சுண்ணாம்பைத் தூவினால், ஒட்டுண்ணிகளும் நோய்க்கிருமிகளும் பெரும்பாலும் அங்கேயே மடியும். ஔஷதத்தின் பெயரையே கேளாமல் நடந்த வைத்தியம் இது.

அந்நிலையத்துக்குக் கீர்த்தி தேடித் தந்தது திலாப்பியா. ஜப்பானியர் ஆட்சிக்காலத்தில் ஜாவாவிலிருந்து மலாயாவுக்கு வந்த இம்மீன், பிறந்த இரண்டு மூன்று மாதங்களிலேயே குஞ்சு பொரிக்கத் தலைப்பட்டு, குளம் முழுதும் விரலளவு சந்ததியை நிரப்பிவிடும். ஆண் மீன் மட்டும் இருந்தால் இத்தொல்லை இல்லை. ஸான்ஸிபாரிலிருந்து வருவித்த ஆணையும் மலாயாப் பெண்ணையும் கூட்டியபோது பிறந்தவை யாவும் ஆணாகவே இருக்கக் கண்டு, 1960-இல் ஹிக்லிங் அதைப் பிரசுரித்தார். மாற்றிக் கூட்டினால் ஏறத்தாழ மூன்று ஆணுக்கு ஒரு பெண் பிறந்தது. ஆயினும் தாய் தந்தை இனங்களைக் கலப்பின்றிக் காப்பது சிரமமாயிற்று. பிற்காலப் பண்ணைக்காரர் அச்சிரமத்தை மேற்கொள்ளாமல், குஞ்சுகளுக்கு ஆண்மை ஹார்மோன் கலந்த தீனியிட்டு ஆணாக்கும் சுலப வழியை நாடினர். வித்தையின் ஸ்தானத்தில் ரசாயனம் அமர்ந்தது.

அதன்பின் நடந்தது எல்லா நாட்டுக்கும் பொதுவான கதை. மிதக்கும் கூண்டுகளில் மீனை நெருக்கி அடைத்து ஆலைத் தீனியிட்டு வளர்க்கலாயினர்; நெருக்கத்தோடு நோயும் வந்தது. மலேசியாவிலே சிவப்புத் திலாப்பியாவை ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற கிருமி கூட்டங்கூட்டமாக மாய்த்தது. மருந்தைத் தீனியில் கலந்து போட்டால் விபரீதம் ஒன்று நேர்கிறது: நோயுற்ற மீன் தீனியைத் தொடுவதில்லை; மருந்தை உண்பது ஆரோக்கியமான மீனே. மிஞ்சியது சேற்றில் படிய, அங்குள்ள கிருமிகள் அதை எதிர்த்துப் பிழைக்கப் பழகி, அச்சக்தியை மனிதரைப் பிடிக்கும் கிருமிகளுக்கும் வழங்கிவிடுகின்றன. இறால் பண்ணைகளிலோ குளோராம்பெனிகால், நைட்ரோபியூரான் போன்ற விலக்கப்பட்ட மருந்துகளும் புகுந்தன. 2016-இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் இவற்றின் எச்சத்தைக் காரணங்காட்டித் தீபகற்ப மலேசிய இறாலைத் துறைமுகத்திலேயே நிறுத்திவைக்க உத்தரவிட்டது.

மீட்சிக்கு வழி இல்லாமலில்லை. 1987-இல் ஏறத்தாழ 50 டன் ஆன்டிபயாடிக்கை ஸால்மன் மீனுக்குச் செலவிட்ட நார்வே, தடுப்பூசியாலும் பண்ணைகளைச் சுழற்சி முறையில் காலியாக விடுவதாலும் சில வருஷங்களிலேயே அதை மிக அற்பமாகக் குறைத்தது. தீனியிலே கலந்து கொடுக்கும் தடுப்பு மருந்தைத் திலாப்பியாவுக்காக மலேசியப் புத்ரா பல்கலைக்கழகத்தார் பரிசோதித்திருக்கின்றனர். ஆனால் தடுப்பு மருந்து மட்டும் போதுமென நான் கருதவில்லை. நெருக்கம் குறையாத பண்ணையில் ஒரு கிருமி போனால் மற்றொன்று வரும்.

பத்து பெரண்டாமில் அந்த ஞானம் விளைந்த காலத்தில், தோட்டங்கள் துண்டாடப்பட்டு லயங்களை விட்டு வெளியேறிக்கொண்டிருந்த தமிழருக்குக் குளம் வெட்டச் சொந்த நிலம் இல்லை. விஷயம் அவர்கள் காதுக்கு எட்டியிருந்தாலும் பயன் இருந்திராது. இன்று ஜாசினிலும் அலோர் காஜாவிலும் சிறு நிலம் வாங்கி மீன் வளர்க்க எண்ணும் அவர்களுடைய பேரப்பிள்ளைகள், மருந்துக் கடையை விசாரிக்குமுன் மண்ணின் புளிப்பைச் சோதித்துச் சுண்ணாம்புக்கு ஏற்பாடு செய்வார்களாக.