புகையில்லா அடுப்பும் துடைக்காத குழாயும்



எரிவாயு வருமுன் ஏலாக்குறிச்சிப் பக்கம் எந்த அடுப்படிக்குப் போனாலும் சுவர் கறுத்திருக்கும். ஊதுகுழலும் கையுமாகக் குனிந்திருந்த பெண்களுக்குக் கண்ணெரிச்சலும் இருமலும் மிச்சம். இதற்கு வழி தேடியவர்களில் ஒருவர், ஐதராபாத் பொறியியல் ஆராய்ச்சிக்கூடத்தைச் சேர்ந்த எஸ்.பி. ராஜு. மண் அடுப்பில் குழாய் வைத்துப் புகையைக் கூரைக்கு மேலே அனுப்பும் முறையை விளக்கும் அவரது நூல் 1953-இல் சென்னையில் வெளியாயிற்று.

1980களில் மத்திய அரசு புகையில்லா அடுப்பைத் தேசியத் திட்டமாக்கியது. நம் ஊர் அப்போது திருச்சி மாவட்டத்தில் இருந்தது. நாடெங்கும் 3 கோடிக்கு மேல் அடுப்புகள் கொடுக்கப்பட்டன. ஆனால் 2002-இல் திட்டம் நின்றுபோனது. காரணங்கள் பல, அவற்றுள் ஒன்று குழாய் அடைப்பு.

விறகுப் புகையில் எரியாத ஆவியும் ஈரமும் கலந்திருக்கும். குழாய் குளிர்ந்திருந்தால் அவை உட்சுவரில் தார்போலப் படியும். இதற்குக் கிரியோசோட் என்று பெயர். ஐப்பசி அடைமழையில் நனைந்த கருவேல விறகும், மார்கழிக் குளிரும் சேர்ந்தால் படிவு விரைவாக ஏறும். குழாய் அடைபட்டால் புகை அடுப்படிக்கே திரும்பும். படிவு தீப்பற்றினாலோ, கீற்றுக் கூரைக்கு ஆபத்து.

பிரெஞ்சுப் பள்ளியில் 'ரமோனேர்' என்ற சொல்லைப் படித்திருக்கிறேன். புகைக்கூண்டு துடைப்பவர் என்று பொருள். முற்காலத்தில் சவுவா மலைநாட்டு ஏழைச் சிறுவர்கள் கூண்டுக்குள் ஏறிக் கரி சுரண்டினார்கள். கொடுமைதான், ஆனாலும் துடைப்பது ஒரு வேலை என்பதை அந்நாடு அறிந்திருந்தது. இங்கே அடுப்புக்கு மானியம் வந்தது, துடைப்பதற்கு ஆள் வரவில்லை. கூரைமேல் ஏறுவது ஆண்பிள்ளை வேலை என்பது வழக்கம். புகை தின்றதோ பெண்கள். சில மாதம் பார்த்துவிட்டுப் பழைய அடுப்புக்கே திரும்பினவர்கள் உண்டு.

இன்றும் வெந்நீருக்கும் நெல் அவிக்கவும் விறகு எரிப்பவர்கள் நம்மில் இருக்கிறார்கள். குழாய் வைத்திருந்தால், மழைக்கு முன்பே விறகை வெட்டி, பிளந்து, காயவைத்து மூடி வையுங்கள். மூட்டம் போடாமல் சுடர்விட எரியுங்கள். அடுப்பு நன்றாக ஆறியபின், கயிற்றில் தேங்காய் நார்க் கட்டைக் கட்டி, மாதம் ஒருமுறையாவது குழாயைத் துடையுங்கள். போகிக்கு ஒட்டடை அடிக்கும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட வேண்டாம். கூரைமேல் ஏறும் வேலையை வீட்டு ஆண்கள் ஏற்றுக்கொள்ளட்டும்.