பழவேற்காடு: கைலிக்குப் பெயர் தந்த டச்சுத் துறைமுகம்

பழவேற்காடு, சென்னைக்கு வடக்கே சுமார் 60 கிலோமீட்டர் தொலைவில், திருவள்ளூர் மாவட்டத்தில் உள்ள மீனவர் ஊர். உவர்நீர் ஏரி கடலோடு சேரும் முகத்துவாரத்தில் அமைந்தது. 17ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியும் சோழமண்டலக் கரையில் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைமையிடம் இதுதான்.

டச்சுக்காரர் இங்கே தேடி வந்தது மிளகை அல்ல, துணியை. சாதிக்காயும் கிராம்பும் விளைந்த கீழைத் தீவுகளில் சோழமண்டலத் துணிக்கு அப்படியொரு கிராக்கி. இங்கே பொன்னும் வெள்ளியும் கொடுத்துத் துணி எடுப்பார்கள். அங்கே துணியைக் கொடுத்து வாசனைச் சரக்கு ஏற்றுவார்கள். அதை ஐரோப்பாவில் விற்பார்கள். நெசவாளியின் தறி நின்றால் ஆம்ஸ்டர்டாமில் கிராம்பு வியாபாரம் படுத்துவிடும்.

1610இல் விஜயநகர அரசர் இரண்டாம் வேங்கடரின் இசைவோடு வணிகத்தில் இறங்கினர். சாந்தோமில் இருந்த போர்த்துகீசியருக்கு அது பொறுக்கவில்லை. 1612இல் வந்து பண்டகசாலையைத் தாக்கினர். அந்த அடிக்குப் பின் எழுந்ததுதான் 1613இன் கெல்ட்ரியா கோட்டை. கம்பெனியின் இங்குள்ள தலைமை அதிகாரி வெம்மர் வான் பெர்கெம் தன் சொந்த மாகாணமான கெல்டர்லாந்தின் பெயரையே அதற்கு வைத்தார். இங்கே வராகன் அச்சடித்தார்கள், வெடிமருந்தும் செய்தார்கள். துணி ஏறிய கப்பல்களில் ஆட்களும் ஏற்றப்பட்டனர்: பஞ்ச காலத்தில் விலைக்கு வாங்கப்பட்டவர்கள் அடிமைகளாகக் கீழைத் தீவுகளிலிருந்த பத்தேவியா போனார்கள்.

1690இல் தலைமையிடம் நாகப்பட்டினத்துக்கு மாறியது. 1824 ஆங்கிலேய-டச்சு உடன்படிக்கையின்படி, மறு ஆண்டே பழவேற்காடு ஆங்கிலேயரிடம் போய்ச் சேர்ந்தது.

ஊரின் பெயர் மட்டும் துணியோடு ஒட்டிக்கொண்டு ஊர் சுற்றியது. மலேசியாவில் கட்டம்போட்ட கைலிக்கு இன்றும் 'கைன் பெலிக்காட்' என்றே பெயர். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஸ்காட்லாந்து நெசவாளர்கள் பழவேற்காட்டுத் துணியைப் பார்த்து நெய்த கைக்குட்டைக்கும் 'புல்லிகேட்' என்றே பெயரிட்டனர். தமிழுக்கு வந்தவை வேறு: 'துட்டு', டச்சுச் செப்புக்காசின் பெயர், 'கக்கூஸ்' என்பதும் அவர்கள் சொல்லே. டச்சுக்காரர் கோட்டை கட்டாத ஊர்களிலும் இவ்விரண்டையும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

தொல்லியல் துறை காக்கும் டச்சுக் கல்லறைத் தோட்டத்தின் வாயிலில் இரண்டு எலும்புக்கூட்டுச் சிற்பங்கள் நிற்கின்றன. உள்ளே டச்சு எழுத்துகள் ஆழமாக வெட்டிய கற்கள். கெல்ட்ரியா இருந்த இடத்திலோ, முட்புதர் மூடிய மேடு.