வேட்டைத் துப்பாக்கி ஸ்கோப்: நீலகிரியில் அதன் உறுதி

ரைஃபிளின் மேல் பொருத்திக் குறிபார்க்க உதவும் சிறு தொலைநோக்கியே ஸ்கோப். அமெரிக்காவின் சிராகூஸ் நகரில் வில்லியம் மால்கம் 1855 முதல் இதைச் செய்து விற்றார். அவருடைய ஸ்கோப் ஏறக்குறைய துப்பாக்கிக் குழலின் நீளம் இருக்கும். அக்காலத்தில் குறுக்குக்கோடுகளுக்குச் சிலந்தி இழையையோ மெல்லிய கம்பியையோ பயன்படுத்துவது வழக்கம். ஒரு தடவை கீழே விழுந்தால் இழை அறுந்துவிடும். பிறகு வெறும் வட்டம்தான் தெரியும்.

நீலகிரியில் ஆங்கிலேயரின் வேட்டை ஸ்கோப்பின் துணையின்றியே வளர்ந்தது. சோலைக்குள் காட்டெருதும் புலியும் சில கஜ தூரத்தில் எதிர்ப்படும்; அங்கே உருப்பெருக்கும் கண்ணாடி இடைஞ்சலே. திறந்த புல்வெளியிலும் பாறை விளிம்பிலும் மேயும் வரையாட்டுக்கு மட்டுமே அது பயன்படக்கூடியது. வேட்டை மிகுந்து விலங்குகள் குறைந்தபோது, 1877இல் நீலகிரி வேட்டைச் சங்கம் தோன்றியது. 1879இல் வேட்டை விலங்குகளையும் மீன்களையும் காக்கும் சட்டம் வந்தது. வேட்டைக்காரர்களே விலங்குகளைக் காக்கச் சங்கம் வைத்தார்கள் என்பது வியப்புக்குரியதன்று. சுட ஏதாவது மிஞ்ச வேண்டுமே.

ஸ்கோப்பைக் கெடுப்பது வெடியின் உதைப்பு என்பது பொதுக் கருத்து. கனரக ரைஃபிள்களில் தாங்கியின் திருகுகள் தளர்ந்து குறி விலகுவது உண்மைதான். ஆனால் இம்மலையில் முதல் எதிரி ஈரம். அது உள்ளே புக வழி திறப்பது மலைப்பயணம். 1899க்குமுன் குன்னூருக்கும், 1908க்குமுன் உதகைக்கும் ரயில் கிடையாது. மலைப்பாதையில் வண்டியும் மட்டக்குதிரையும் கொடுத்த குலுக்கலில் கண்ணாடியின் பிடிப்பு நெகிழும். சமவெளி வெயிலிலிருந்து 2,200 மீட்டர் உயரத்துக்கு ஏறும்போது குழாய்க்குள் இருக்கும் காற்று விரிந்து கசியும். இறங்கும்போது வெளிக்காற்று ஈரத்தோடு உள்ளே புகும். குளிர்ந்ததும் உள்கண்ணாடியில் மூட்டம் படியும். வெளியே எவ்வளவு துடைத்தும் போகாது. தென்மேற்குப் பருவமழையில் நாள்பட்டால் பூஞ்சை பிடிக்கும். இரண்டாம் உலகப் போரில் பசிபிக் காடுகளில் பைனாகுலர்களும் இப்படியே கெட்டன. மெல்பர்ன் பல்கலைக்கழகத் தாவரவியலார் அதற்கு மருந்து தேடினர். 1940களின் பிற்பகுதியில் அமெரிக்க லியூபோல்டு நிறுவனம் நைட்ரஜன் நிரப்பி மூடிய ஸ்கோப்பை விற்பனைக்குக் கொண்டுவந்தது. மூட்டத்துக்கு அதுவே தீர்வு.

தென்னிந்தியக் காடுகளில் பெயர்பெற்ற வேட்டைக்காரர் கென்னத் ஆண்டர்சன் (1910–1974) .405 வின்செஸ்டர் ரைஃபிளையே விரும்பினார். இரவில் அதன்மேல் அவர் பொருத்தியது ஸ்கோப்பை அல்ல, டார்ச் விளக்கை. ஆட்கொல்லிக்காகப் பரணில் காத்திருப்பவருக்கு வெளிச்சமே தேவை.

வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் 1972இல் வந்தது. 1991 திருத்தத்தோடு வேட்டை உரிமம் ஒழிந்தது. இன்று மலையில் வனத்துறையின் மயக்க ஊசித் துப்பாக்கிகள் உள்ளன, சிலவற்றில் ஸ்கோப்பும் உண்டு.