பல்லாவரத்துக் கல்

நான் பள்ளிக்கூடத்தில் படித்த நாளில் பழங்காலச் சரித்திரம் என்றாலே எனக்குக் குலை நடுங்கும். நைல் நதி, பாபிலோன், ஹரப்பா என்று ஆசிரியர் தேசங்களை அடுக்கிக்கொண்டே போவார். எல்லாம் எங்கோ, எப்போதோ! "கிறிஸ்துவுக்கு முந்திய வருஷங்கள் மட்டும் ஏன் பின்னோக்கி ஓடுகின்றன, சார்?" என்று ஒரு நாள் கேட்டுவிட்டு, மணியடிக்கும் வரை பெஞ்சியின்மேல் நின்றிருந்தேன். அந்தக் கேள்விக்கு விடை மட்டும் கிடைக்கவில்லை.

இத்தனை காலத்துக்குப் பிறகு, முகப்பேர் ஏரித் திட்டத்தில் எங்கள் எதிர்வீட்டுப் பெண் அதே முகத்தோடு என்னிடம் வந்தாள். ஒன்பதாம் வகுப்பு. கையில் சமூக அறிவியல் புத்தகம்.

"செத்துப்போனவங்களைப் பத்தி நான் எதுக்குப் படிக்கணும், தாத்தா?"

"இந்தப் பேட்டைக்கு ஏரித் திட்டம் என்று ஏன் பெயர்?" என்று கேட்டேன். அவளுக்குத் தெரியவில்லை. ஏரி இருந்த இடத்தில்தான் அவள் வீட்டு மாடிப்படி நிற்கிறது! புத்தகத்தைப் புரட்டினேன். என் நாளில் இல்லாத ஒரு பெயர் அதில் இருந்தது: அத்திரம்பாக்கம்.

வாசகர்களே, அந்தப் பெயரின் கதை பல்லாவரத்தில் தொடங்குகிறது. 1863 மே 30-ஆம் தேதி, நல்ல அக்கினி வெயிலில், ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற நிலவியலாளர் அங்கே ஒரு சரளைக் குழியில் கல் ஒன்றைக் கண்டெடுத்தார். அவருக்கு முப்பது வயதுகூட நிரம்பவில்லை. மனிதன் கைப்படச் செதுக்கிய கல் அது என்று அவர் கண்கள் சொல்லிவிட்டன. பிரான்ஸில் சோம் நதிக்கரையில் கிடைத்த கற்கருவிகள் மிகப் பழமையானவைதாம் என்று அறிஞர்கள் ஒப்புக்கொண்டு நாலு வருஷம்தான் ஆகியிருந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் ஃபூட்டும் அவருடைய சகா வில்லியம் கிங்கும் கொசஸ்தலையாற்றுப் பக்கம் போனபோது, அத்திரம்பாக்கத்து ஓடையில் அத்தகைய கற்கள் ஏராளமாகக் கிடந்தன.

நான் பெஞ்சியின்மேல் நின்ற காலத்தில் இந்தச் செய்திக்கு நூறு வயது நெருங்கிக்கொண்டிருந்தது. பல்லாவரத்துக்கு ரயிலும் ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஒருவரும் எங்களுக்குச் சொல்லவில்லை.

1999 முதல் சாந்தி பப்பு குழுவினர் அங்கே அகழ்ந்தார்கள். பூமிக்குள் புதைந்த கல்லில் சில அணுக்கள் மெல்ல மெல்லத் தேய்கின்றன. எவ்வளவு தேய்ந்தன என்று அளந்தால் புதைந்த காலம் தெரியும். அப்படி அளந்து, அங்குள்ள கைக்கோடரிகளுக்கு ஏறத்தாழ 15 லட்சம் ஆண்டு என்று 2011-இல் அறிவித்தார்கள். 2018-இல் இன்னொரு செய்தி வந்தது. கைக்கோடரியை விட்டுச் சிறிய, நுட்பமான கருவிகளுக்கு மாறும் வித்தை அங்கே 3,85,000 ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கிவிட்டதாம். ஆப்பிரிக்காவிலிருந்து புறப்பட்ட நவீன மனிதர்கள்தாம் ஒன்றேகால் லட்சம் ஆண்டுகளுக்கு முன் அதை இந்தியாவுக்குக் கொண்டுவந்திருக்க வேண்டும் என்று பலர் எண்ணியிருந்தார்கள். அந்த எண்ணத்தை நம் ஊர் ஓடைக்கரை ஆட்டம் காணச் செய்துவிட்டது!

ஒரு நாள் அவளைப் பூண்டி அருங்காட்சியகத்துக்கு அழைத்துப் போனேன். அவள் தகப்பனாருக்கு அவ்வளவாக இஷ்டமில்லை. "சரித்திரம் சோறு போடுமா, சார்?" என்றார், ஆனாலும் கூடவே வந்தார். கண்ணாடிப் பேழைக்குள் கைக்கோடரி இருந்தது. பெண் தன் உள்ளங்கையைக் கண்ணாடிமேல் வைத்து, விரல்களை மடக்கிப் பார்த்தாள்.

"யார் தாத்தா இதைச் செஞ்சது?"

"தெரியாது, அம்மா. அத்திரம்பாக்கத்தில் கருவிகள் கிடைத்தன. செய்தவர்களின் எலும்பு ஒன்றுகூட அகப்படவில்லை."

"தெரியாதா?" அவள் கண்கள் விரிந்தன. புத்தகத்தில் தெரியாத சங்கதியும் உண்டு என்று யாரும் அவளுக்குச் சொன்னதில்லை போலும். பையிலிருந்து பென்சிலை எடுத்து, அத்திரம்பாக்கம் என்ற பெயருக்குப் பக்கத்தில் 'யார்?' என்று எழுதினாள்.

தகப்பனார் அவள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார்.

"அது எத்தனை மார்க் கேள்வி?" என்றார்.